எத்தனை மார்க் வரும்?

இன்டர்னல் தேர்வு முடிந்து தாளை என்னிடம் நீட்டும்போது, முதல் பக்கத்து மூலையில் பென்சிலால் ஓர் எண்ணை எழுதச் சொல்வேன். "இதுக்கு எத்தனை மார்க் வரும்னு நினைக்கிற?" கேள்வி அவ்வளவுதான். திருத்தும்போது அந்த மூலையை மடித்துவிடுவேன். கூட்டிப் போட்டபிறகு மடிப்பைப் பிரித்து, என் சிவப்பு எண்ணைப் பக்கத்தில் எழுதுவேன். மார்க்கைவிட, அந்த இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள தூரம்தான் எனக்கு முக்கியம்.

நான் அரசு கலைக் கல்லூரி ஒன்றில் வேதியியல் நடத்துகிறேன். என் முதலாண்டுப் பிள்ளைகளில் பலர், அவரவர் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். 50 மார்க் தேர்வில் மூலையில் 40 என்று எழுதிய பையனுக்கு 18 வரும். எழுதலாமா வேண்டாமா என்று தயங்கி 28 போட்ட பெண்ணுக்கு 39 வரும். வருஷா வருஷம் பிள்ளைகள் மாறுகிறார்கள், இது மாறுவதில்லை.

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் க்ரூகரும் டேவிட் டன்னிங்கும் 1999-ல் வெளியிட்ட ஆய்வு இதையேதான் காட்டியது. மாணவர்களுக்குத் தர்க்கம், இலக்கணம் என்று தேர்வு வைத்து, எப்படி எழுதினீர்கள் என்று அவர்களையே கேட்டார்கள். கடைசிக் கால்வாசியில் இருந்தவர்கள் உண்மையில் நூற்றில் 12 பேரைத்தான் முந்தியிருந்தார்கள். அவர்கள் நினைப்போ 62 பேரை முந்திவிட்டோம் என்று. நன்றாக எழுதியவர்கள் தங்களைக் கொஞ்சம் குறைத்தே மதிப்பிட்டார்கள். அந்தக் கணக்கைப் பற்றிப் பிற்பாடு நிறைய சர்ச்சை நடந்தது, அது நடக்கட்டும். ஒரு பாடத்தில் தவறு எது என்று கண்டுபிடிக்கவே அந்தப் பாடம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும் என்ற அடிப்படையை என் வகுப்பில் நான் தினமும் பார்க்கிறேன்.

சோம்பேறிப் பிள்ளைகள் என்று இவர்களை யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ப்ளஸ் டூவில் இவர்கள் படித்த படிப்பு கொஞ்சமா? காலையில் ஸ்டடி, சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ், நடுவில் ஸ்லிப் டெஸ்ட், புக் பேக் ஒன் மார்க், ரிவிஷன் ஒன்று, ரிவிஷன் இரண்டு. எந்தப் பாடத்தில் பலவீனம் என்று வகுப்பு ஆசிரியருக்குத் தெரியும், ஹெட்மாஸ்டருக்குத் தெரியும், டியூஷன் அக்காவுக்கும் தெரியும். பையனுக்கு மட்டும் தெரியாது; தெரிய வேண்டிய தேவையே வரவில்லை. அந்தப் பழக்கமெல்லாம் பள்ளிக்கூடத்தின் சொத்து. டி.சி. வாங்கிக்கொண்டு வரும்போது அதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். கல்லூரியில் 75 சதவீத வருகை இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. முதல் செமஸ்டர் ரிசல்ட் வரும்போது, பள்ளியில் 80 சதவீதம் வாங்கிய பையன் இரண்டு அரியரோடு நிற்பான். "படிச்சேன் மேடம்" என்பான். பொய் இல்லை, படித்துத்தான் இருப்பான்.

எப்படிப் படித்தான் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு மாணவி தன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். அவ்வளவு அழகான நோட்டு. தலைப்புக்கு மஞ்சள் ஹைலைட்டர், வரையறைக்குப் பச்சை, வினைகளுக்கு இளஞ்சிவப்பு. ஐந்தாறு முறை படித்துவிட்டதாகச் சொன்னாள். பக்கங்களின் ஓரம் நைந்திருந்ததைப் பார்த்தால் அதற்கு மேலேயே படித்திருப்பாள். "சரிம்மா, நோட்டை மூடு. பென்சீன் எப்படி நைட்ரோ பென்சீன் ஆகுதுன்னு இந்தத் தாள்ல போடு" என்றேன்.

அறுகோணம் வந்தது. அடர் நைட்ரிக் அமிலமும் அடர் கந்தக அமிலமும் சேர்ந்தால் நைட்ரோனியம் அயனி உண்டாகும் என்று சரியாகவே எழுதினாள். அடுத்து அம்பு போட வேண்டும். பேனா காகிதத்துக்கு மேலே கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு நைட்ரோனியத்தில் ஆரம்பித்துப் பென்சீன் வளையத்துக்கு ஓர் அம்பை இழுத்தாள். தலைகீழ். எலக்ட்ரான் இருப்பது வளையத்தில். நைட்ரோனியத்துக்கு அது தட்டுப்பாடு. அம்பு இருக்கிற இடத்தில் கிளம்பி இல்லாத இடத்துக்குப் போக வேண்டும். அவள் நோட்டில் அது சரியாகத்தான் இருந்தது, பச்சைக் கட்டத்துக்குக் கீழே. "படிக்கும்போது எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருந்துச்சு மேடம்" என்றாள், அழுகிற குரலில்.

அந்த "தெரிஞ்ச மாதிரி"தான் ஆளைக் கவிழ்க்கிறது. பக்கத்து வீட்டு அக்கா சிக்குக் கோலம் போடுவதை மார்கழி முழுக்க வேடிக்கை பார்த்தவளுக்குக் கோலம் வந்துவிட்டது போலத்தான் இருக்கும். மாவை எடுத்துப் புள்ளி வைத்து முதல் வளைவு திரும்பும்போதுதான் எந்தப் பக்கம் போவது என்று கை முழிக்கும். திரும்பத் திரும்பப் படித்தால் கண்ணுக்குப் பக்கம் பழகுகிறது. அந்தப் பழக்கத்தை மனசு அறிவு என்று எடுத்துக்கொள்கிறது.

2006-ல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு கட்டுரையை ஒரு குழு நான்கு சுற்றும் படித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்தது. மீதி மூன்று சுற்றிலும் கட்டுரையைப் பார்க்காமல், நினைவுக்கு வந்ததை வெற்றுத் தாளில் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் ஜெயித்தார்கள்: அவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் படித்தவர்கள் 40-க்கு இறங்கிவிட்டார்கள், எழுதியவர்கள் 61-ல் நின்றார்கள். இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் அந்த நான்கு சுற்றும் படித்த குழுவினர்தான். தேர்வுக்கு முந்தின ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் படித்தவன், ஹாலுக்குள் நுழையும்போது ஏன் அவ்வளவு தைரியமாக இருக்கிறான் என்பதற்கு இதில் பதில் இருக்கிறது. பாஸ் ஆனாலும் அடுத்த செமஸ்டரில் அதே பாடத்தின் தொடர்ச்சி வரும்போது ஏன் முழிக்கிறான் என்பதற்கும்.

ஆகையால் என் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நோட்டை மூடு, எழுது, அப்புறம் திறந்து பார். எது விட்டுப்போனதோ அதுதான் இன்றைக்கு நீ படிக்க வேண்டிய பாடம். ஹைலைட்டர் வாங்கும் காசுக்கு ஒருபக்கம் அச்சடித்த பழைய தாள் ஒரு கட்டு கிடைக்கும்.

மார்க் போட்ட தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது கூடவே ஓர் அரைப்பக்கத் தாளும் கொடுப்பேன். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் மார்ஷா லவெட் உருவாக்கிய முறை இது. அங்கே எக்ஸாம் ராப்பர் என்று சொல்வார்கள். எப்படித் தயார் செய்தாய், எந்த மாதிரித் தவறில் மார்க் போயிற்று, அடுத்த தேர்வுக்கு எதை மாற்றப் போகிறாய் என்று மூன்றே கேள்வி. முதல் தடவை எல்லோரும் மூன்றாவது கேள்விக்கு "நன்றாகப் படிப்பேன்" என்று எழுதித் தருவார்கள். திருப்பிக் கொடுத்துவிடுவேன். இரண்டாவது கேள்விக்கு, போன மார்க்கை ஒவ்வொன்றாக எண்ணி வகை பிரித்து வந்தால்தான் வாங்குவேன்.

அப்படி எண்ணிய ஒரு பையனைச் சொல்ல வேண்டும். "எனக்கு ஆர்கானிக் வராது மேடம்" என்பதே அவன் பல்லவி. மாடல் எக்ஸாம் 75 மார்க்: இரண்டு மார்க் பத்து, ஐந்து மார்க் ஐந்து, பத்து மார்க் மூன்று. அவன் எண்ணிப் பார்த்ததில், தொட்ட கேள்விகளில் பெரிதாக ஒன்றும் போகவில்லை. ஆர்கானிக்கும் சேர்த்துத்தான். போனதெல்லாம் கடைசி இரண்டு பத்து மார்க்கில். ஒன்று பாதியில் நின்றிருந்தது, மற்றது தலைப்போடு சரி. முன்பக்கம் புரட்டினால் ஒவ்வொரு இரண்டு மார்க்குக்கும் முக்கால் பக்கம் எழுதி வைத்திருக்கிறான். பக்கம் நிரப்பினால் மார்க் என்று எங்கேயோ கேட்டிருக்கிறான். 180 நிமிஷத்துக்கு 75 மார்க் என்றால் மார்க்குக்கு 2.4 நிமிஷம், இரண்டு மார்க்குக்கு ஐந்து நிமிஷத்துக்குமேல் கிடையாது என்று அவனையே வகுத்துப் பார்க்கச் சொன்னேன். வராதது ஆர்கானிக் அல்ல, கடிகாரம். இது தெரியாமல் அவன் இன்னும் பத்து முறை ஆர்கானிக் படித்திருந்தாலும் அதே மார்க்தான்.

அரியர் வைத்தவர்களில் ஒருத்தன் கட்டாயம் ராமானுஜனை இழுப்பான். "அவரே ஃபெயில்தானே மேடம்?" ஆமாம். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப் போயிற்று. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்து 1906-லும் 1907-லும் எஃப்.ஏ. தேர்வில் தோற்றார். ஆனால் கணக்கைத் தவிர மற்றதைத் தான் தொடவில்லை என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரியும். "நீ எதைத் தொடலைன்னு உனக்குத் தெரியுமா?" என்பேன். சிரித்துவிட்டுப் போவான்.

மூடிவைத்து எழுதுவதும் எண்ணிப் பார்ப்பதும் பழக்கமாக வேண்டும். பழக்கம் என்றதும் 21 நாள் என்று ஆரம்பிப்பவர்கள் எங்கள் கல்லூரிக்கும் வந்திருக்கிறார்கள். மைக்கைப் பிடித்துக் கைதட்டச் சொல்லி, "நான் சாதிப்பேன்" என்று மூன்று முறை கத்தச் சொல்லிவிட்டு, கவரை வாங்கிக்கொண்டு போவார்கள். அந்த 21, மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதிய புத்தகத்திலிருந்து வந்தது. ஆபரேஷன் ஆனவர்களுக்குப் புதிய முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்துச் சொன்னது, கைமாறிக் கைமாறி எல்லாப் பழக்கத்துக்கும் சட்டமாகிவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியின் குழு 96 பேரைத் தொடர்ந்து கவனித்தபோது, ஒரு செயல் தானாக நடக்கிற பழக்கமாகச் சராசரியாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் வித்தியாசம்: 18 நாளும் உண்டு, கணக்குப்படி 254 நாளும் உண்டு. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய சேதமில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். என் பிள்ளைகளுக்கு இதுதான் அமுதம். ஊர்த் திருவிழாவில் இரண்டு நாள் போனால் "எல்லாம் போச்சு" என்று மொத்தத்தையும் கைவிடுகிற கூட்டம் இது.

இன்னொன்று, "தினமும் ஒரு மணி நேரம் படிப்பேன்" என்பது முடிவே அல்ல. எங்கே, எப்போது, எதற்கு அடுத்து என்று இருக்க வேண்டும். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர், மாணவர்களிடம் கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு சின்னக் கட்டுரை எழுதி அனுப்பச் சொன்னார். எந்த இடத்தில், எந்த நேரத்தில் எழுதுவோம் என்று முன்பே குறித்தவர்கள், குறிக்காதவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பேர் முடித்தார்கள். நான் சொன்ன கடிகாரப் பையன் மத்தியானம் வகுப்பு முடிந்ததும் ஜவுளிக்கடை வேலைக்குப் போகிறவன். கடை அடைத்து வீடு சேர ராத்திரி பத்தரை ஆகும். முகூர்த்த நாளில் கேட்டரிங்குக்கும் போவான். அவனிடம் போய் சாயங்காலம் ஆறு மணி டைம்டேபிள் நீட்டினால் நியாயமா? கடைசி மணிக்கும் அவன் பஸ்ஸுக்கும் நடுவில் அரைமணி இருந்தது. மணி அடித்ததும் எழுந்து போகாமல், உட்கார்ந்த பெஞ்சிலேயே அன்றைய பாடத்தை மூடிவைத்து எழுதிவிட்டுக் கிளம்புவது என்று வைத்துக்கொண்டான். இப்போது அவனோடு இன்னும் நாலைந்து பேர் உட்காருகிறார்கள்.

எல்லாவற்றையும் பழக்கத்தின் தலையில் கட்டவும் நான் தயாரில்லை. காலைச் சாப்பாடு இல்லாமல் முதல் பஸ் பிடிப்பவளுக்கும், ஒரே அறை வீட்டில் டி.வி.க்குப் பக்கத்தில் நோட்டை விரிப்பவளுக்கும் சுயக்கட்டுப்பாடு பற்றி வகுப்பு எடுக்க எனக்கு வாய் வராது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் வரும் ஆயிரம் ரூபாயும், டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லாப் பயணமும் எத்தனை பெண்களைப் படிப்பில் நிறுத்தி வைத்திருக்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்க்கிறவள் நான். அதற்குமேல் பிள்ளை கையில் இருப்பது எதுவோ அதைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன்.

அதில் ஒன்று கேட்பது. "டவுட் இருக்கா?" என்று கேட்டால் வகுப்பு கப்சிப். சந்தேகம் இல்லாமல் இல்லை. எது சந்தேகம் என்று எடுத்துச் சொல்லத் தெரியவில்லை, சொன்னால் சிரிப்பார்களோ என்ற பயம் வேறு. அதனால் மணி அடிப்பதற்கு இரண்டு நிமிஷம் முன்னால் துண்டுச் சீட்டு கொடுத்து, இன்றைக்குப் புரியாத ஒன்றை எழுதச் சொல்வேன், பெயர் வேண்டாம். ஆரம்பத்தில் "எல்லாம் புரிந்தது", "எதுவும் புரியவில்லை" என்ற இரண்டே வகைதான் வரும். இரண்டும் எனக்குப் பயன்படாது. செமஸ்டர் பாதி தாண்டும்போது சீட்டு நீளும். நைட்ரோ பென்சீன் மறுபடி நடத்திய அன்றைக்கு வந்த சீட்டுகளில் ஒன்று: "எலக்ட்ரான் வளையத்துல இருந்து போகுதுன்னு தெரியுது மேடம். போனதுக்கு அப்புறம் ஏன் ஹைட்ரஜன் வெளிய போகணும், நைட்ரோவே திரும்பப் போயிடலாம்ல?"

பென்சீன் வளையம் தன் நிலைத்தன்மையை மீட்க எதை விடும், எதை விடாது என்பதற்கு உள்ளே நுழைகிற கேள்வி அது. மறுநாள் முழுப் பீரியடும் அதற்கே போயிற்று. போர்ஷன் ஒரு நாள் பின்தங்கியது.