லேப்டாப் ஸ்க்ரீன் உடைஞ்சு போச்சா? ஆன்லைன்ல ஆர்டர் போடறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க

இரும்பையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "வீட்டிலிருந்தே டிசைன் வேலை பண்றேன். லேப்டாப் ஸ்க்ரீன் போயிடுச்சு. ஆன்லைன்ல வாங்கி நானே மாட்டலாமா, புதுசே எடுத்துடலாமா?"

முதல்ல ஹெச்டிஎம்ஐ கேபிள் போட்டு லேப்டாப்பை வீட்டு டிவியில் இணைச்சுப் பாருங்க. அங்கேயும் கோடு கோடா வந்தா ஸ்க்ரீன் வாங்கறது வீண் செலவு. டிவியில் படம் சுத்தமா வந்தா, கோளாறு பேனல்லயோ அதன் கேபிள்லயோதான். மரக்காணம் பக்கம் உப்புக் காத்து. கனெக்டரில் பச்சை பூத்திருக்கான்னும் பாத்துடுங்க.

அடுத்து, என் கணக்கு. ஸ்க்ரீனும் கூலியும் சேர்ந்து, அந்த லேப்டாப் நல்லா இருந்தா இன்னைக்கு என்ன விலைக்குப் போகுமோ அதில் பாதியைத் தாண்டினா, மாத்த வேண்டாம். தாண்டலைன்னா தாராளமா மாத்தலாம்.

பணம் போற இடம் ஆர்டர் போடும்போதுதான். லேப்டாப் மாடல் பேரை மட்டும் வெச்சு வாங்காதீங்க. ஒரே மாடலை ஹெச்டி, ஃபுல் ஹெச்டின்னு ரெண்டு விதமா வித்திருப்பாங்க. முன் ஃப்ரேமைக் கழட்டி, பேனலின் முதுகில் இருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுங்க. என்156, பி156, எல்பி156 மாதிரி ஆரம்பிக்கும் நம்பர்தான் முக்கியம் (156-ன்னா 15.6 இன்ச்). கூடவே 30 பின்னா 40 பின்னா, பக்கவாட்டில் ஸ்க்ரூ காது இருக்கா இல்லையான்னு பாருங்க. பழைய லேப்டாப்பில் வர்ற 40 பின் வேற, புதுசில் வர்ற 40 பின் வேற.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்? 2020 மின் வணிக விதிகளின்படி, பொருள் பழுதா இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன மாதிரி இல்லாட்டாலோ விற்பவர் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது. நீங்களே தப்பான பேனலை ஆர்டர் பண்ணியிருந்தா அந்த விதி கை கொடுக்காது. அப்புறம் அந்தக் கடையோட ரிட்டர்ன் பாலிசி விட்ட வழிதான்.

பார்சல் பிரிக்கும்போது வெட்டில்லாம வீடியோ எடுங்க. மாட்டும்போது சார்ஜரை எடுத்து, உள்ளே பேட்டரி கனெக்டரையும் கழட்டின பிறகே ஸ்க்ரீன் கேபிளைத் தொடணும். புது பேனலை கீபோர்டு மேல துணி விரிச்சு வெச்சு, கேபிள் சொருகி, பேட்டரியை இணைச்சு ஒருமுறை ஆன் பண்ணிப் பாருங்க. படம் சரியா வந்தா பேட்டரியை மறுபடி கழட்டிட்டு, அப்புறம் பிலிமை உரிச்சு ஒட்டுங்க. பிலிம் போச்சுன்னா பல கடைக்காரங்க ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்க. கை நடுங்குதா? கூலி கொடுத்துடுங்க, அது நஷ்டமில்லை.

விற்பவர் இழுத்தடிச்சா, அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்க. 48 மணி நேரத்தில் புகார் கிடைச்சதுன்னு சொல்லணும், ஒரு மாசத்தில் தீர்வு தரணும். நடக்கலைன்னா 1915-க்கு அடிங்க. அதுக்கும் மேல நுகர்வோர் ஆணையம் இருக்கு. விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீங்க விழுப்புரத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரைக்குமான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, 2 வருஷ அவகாசம் உண்டு.

இப்போ வரி. தொழிலுக்குப் பயன்படும் லேப்டாப்பில் ஸ்க்ரீன் மாத்தறது பழுதுபார்ப்புச் செலவு. 5,000 ரூபாய் ஆச்சுன்னா முழுசும் இந்த வருஷச் செலவுலேயே வரும். 60,000-க்குப் புது லேப்டாப் வாங்கினா தேய்மானம் 40 சதவீதம், அதாவது 24,000தான். அந்த வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவா பயன்படுத்தியிருந்தா 12,000. ஆனா நாம 44ஏடிஏ-ன்னு சொல்ற உத்தேச வரி முறையில் இருந்தா, இது எதையும் தனியா கழிக்க முடியாது.

இரும்பைக்காரங்களுக்கு இன்னொண்ணு. பக்கத்துல பாண்டிதானேன்னு அங்கே போய் வாங்குவீங்க. உங்களுக்குத் தமிழ்நாட்டு ஜிஎஸ்டி பதிவு இருந்தா அந்த எண்ணைக் கொடுத்து, பில்லில் ஐஜிஎஸ்டி போட்டிருக்கான்னு பாருங்க. சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டின்னு போட்டுட்டா அது புதுச்சேரி வரி, உங்களுக்கு கிரெடிட் வராது. கடையை விட்டு இறங்கறதுக்கு முன்னாடியே மாத்தி வாங்கிடுங்க.