வடக்கே கடல், தெற்கே நிலம்

நம் பூமியின் வட கோடியை வட துருவம் என்கிறோம். தென் கோடியைத் தென் துருவம் என்கிறோம். இரண்டு இடத்திலும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பனிதான். படத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் பனிக்கு அடியில் என்ன இருக்கிறது? அங்கேதான் வித்தியாசம்.

வட துருவத்தில் அடியில் இருப்பது கடல். அதன் பெயர் ஆர்க்டிக் கடல். அந்தக் கடலின் மேல்பகுதி மட்டும் உறைந்து கட்டியாகி இருக்கிறது. பாலின் மேல் ஆடை படிகிறதல்லவா? அதுபோல. பனியின் கனம் பெரும்பாலும் இரண்டு, மூன்று மீட்டர்தான். வட துருவத்தில் அதற்குக் கீழே நான்கு கிலோமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. 1958-ஆம் ஆண்டு நாட்டிலஸ் என்ற அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் பனிக்கு அடியிலேயே சென்று வட துருவத்தைக் கடந்தது. அடியில் நிலம் இருந்தால் கப்பல் போக முடியுமா?

தென் துருவம் அப்படி அல்ல. அங்கே இருப்பது நிலம். அது ஒரு தனிக் கண்டம். அதன் பெயர் அண்டார்டிகா. நம் இந்தியாவைப்போல நான்கு மடங்குக்கும் மேல் பெரியது. மலைகளும் பள்ளத்தாக்குகளும் அங்கே உண்டு. ஆனால் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியாது. பனிக்குள் புதைந்து கிடக்கின்றன. பனியின் கனம் சராசரியாக இரண்டு கிலோமீட்டர். சில இடங்களில் நாலரை கிலோமீட்டருக்கும் மேல்.

இவ்வளவு பனி எப்படிச் சேர்ந்தது? வானத்திலிருந்து விழுந்த பனி உருகவில்லை. அதன் மேல் அடுத்த ஆண்டுப் பனி விழுந்தது. மேலே பாரம் ஏற ஏற, அடியில் உள்ளது இறுகிக் கட்டியானது. இப்படிப் பல லட்சம் ஆண்டுகள் சேர்ந்த பனி அது. உலகில் உள்ள பனிக்கட்டியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அண்டார்டிகாவில்தான் இருக்கிறது.

இரண்டில் எங்கே குளிர் அதிகம்? தெற்கேதான். வடக்கே அடியில் உள்ள கடல் கொஞ்சம் சூடு கொடுக்கிறது. தெற்கே அந்த உதவி இல்லை. இடமும் உயரமானது. 1983-ஆம் ஆண்டு அண்டார்டிகாவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 89 டிகிரிக்கும் இறங்கியது.

வடக்கே கடலைச் சுற்றியுள்ள கரைகளில் மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளாக வாழ்கிறார்கள். மீன் பிடிக்கிறார்கள், வேட்டையாடுகிறார்கள். பனிக்கரடிகள் உள்ள இடமும் அதுதான். தெற்கே சொந்த ஊர்க்காரர் என்று யாரும் இல்லை. பென்குயின் பறவைகள் உண்டு. ஆராய்ச்சி செய்வோர் வந்து தங்கிப் போவார்கள். நம் நாட்டவரும் அங்கே இருக்கிறார்கள். நமது முதல் நிலையமான தட்சிண கங்கோத்ரி 1983-84-இல் பனியின் மேல் கட்டப்பட்டது. சில ஆண்டுகளில் அது பனிக்குள் புதைந்துபோனது. பிறகு பாறை நிலமாகப் பார்த்து மைத்ரி நிலையத்தைக் கட்டினார்கள். 2012-இல் பாரதி என்ற நிலையமும் வந்தது.

சரி, கடலோ நிலமோ, எங்கோ தொலைவில் இருக்கிறது. நமக்கென்ன? வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள்.

இரண்டு கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஐஸ் கட்டியை மிதக்க விடுங்கள். மற்றதன் வாயில் டீ வடிகட்டியை வைத்து, அதில் ஐஸ் கட்டியைப் போடுங்கள். ஐஸ் தண்ணீரைத் தொடக் கூடாது. இரண்டிலும் தண்ணீர் நிற்கும் இடத்தில் கோடு போடுங்கள். ஐஸ் உருகிய பிறகு பாருங்கள். முதல் டம்ளரில் தண்ணீர் கோட்டிலேயே நிற்கும். இரண்டாவதில் கோட்டைத் தாண்டி ஏறியிருக்கும்.

முதல் டம்ளர் வட துருவம். மிதக்கும் பனி உருகினால் கடல் மட்டம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். அதற்காக அதை விட்டுவிட முடியாது. வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. கருநீலக் கடல் வெயிலை உள்ளே வாங்கிக்கொள்கிறது. வெயில் நேரத்தில் சுண்ணாம்பு அடித்த மாடியிலும் தார் ரோட்டிலும் வெறுங்காலில் நடந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். பனி குறையக் குறைய அந்தப் பகுதி மேலும் சூடாகிறது.

இரண்டாவது டம்ளர் அண்டார்டிகா. வடக்கேயும் இப்படி ஒரு பெரிய இடம் உண்டு. அதுதான் கிரீன்லாந்து தீவு. அங்கே பனி கிடப்பது நிலத்தின் மேல். கிரீன்லாந்துப் பனி முழுவதும் உருகினால் கடல் ஏழு மீட்டர் உயரும். அண்டார்டிகா முழுவதும் உருகினால் 58 மீட்டர். நாளைக்கே இது நடந்துவிடாது. அதற்குப் பல நூறு, பல ஆயிரம் ஆண்டுகள் ஆகும். ஆனால் இரண்டு இடத்திலும் பனி குறைந்து வருவதைச் செயற்கைக்கோள்கள் காட்டுகின்றன.

1900-ஆம் ஆண்டுக்குப் பிறகு உலகில் கடல் மட்டம் சராசரியாக ஒரு சாண் அளவு ஏறிவிட்டது. மலைகளின் பனியும் துருவப் பனியும் உருகி வந்த தண்ணீர் ஒரு காரணம். சூட்டில் கடல் நீர் விரிவது இன்னொரு காரணம். ஒரு சாண்தானே என்று தோன்றலாம். நம் லட்சத்தீவில் பெரும்பாலான இடங்கள் கடலைவிட ஓரிரு மீட்டர்தான் உயரம். அங்கே மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் மெல்லிய படலமாகத்தான் நிற்கிறது. அதற்கும் அடியில் உப்புத் தண்ணீர். கடல் ஏறினால் வீட்டுக்குள் அலை வருவதற்கு முன்பே, கிணற்றில் உப்பு வந்துவிடும்.