வற்றலைத் தேடிப் போன ஊர்கள்

மிளகாய் வற்றல் என்று ஒரே பெயர் சொல்லி விற்கிறோம். விளைகிற ஊருக்கே போனால்தான் அதில் எத்தனை ஜாதி என்பது தெரியும்.

பக்கத்தில் இராமநாதபுரம். அங்கே குண்டு மிளகாய். 2023-ல் புவிசார் குறியீடும் பெற்றது. காதருகே ஆட்டினால் விதை கலகலக்க வேண்டும். சத்தமில்லை என்றால் உள்ளே ஈரம் என்று அர்த்தம். கர்நாடகத்தில் ஹாவேரி மாவட்டத்துப் பியாடகிக்கும் போயிருக்கிறேன். தோல் சுருங்கிய வற்றல். காரம் குறைவு, நிறம் அபாரம். “காரமே இல்லையே” என்று வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்தால், அது கலருக்கான சரக்கு என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

குண்டூர் அனுபவம் வேறு. யார்டுக்குள் கால் வைத்ததுமே தும்மல். தெலுங்கும் வராது, எல்லாம் கைஜாடைதான். ஒரு மார்ச் மாத இரவில் திடீர் மழை. ஹமாலிகளோடு நானும் தார்ப்பாய் இழுத்தேன். காலையில் கமிஷன்காரர், சரக்கு நனையவில்லை என்று சாதித்தார். மேல் மூட்டை சருகாகத்தான் இருந்தது. அடி மூட்டையைப் பிரித்துக் கையை விட்டேன், சில்லென்றது! அப்படியே ஏற்றியிருந்தால் ஊர் வருவதற்குள் பூஞ்சணம் பிடித்திருக்கும். ஒவ்வொரு மூட்டையாகப் பிரித்து, நனைந்ததை ஒதுக்கிய பிறகே எடை போட விட்டேன். லாரி கிளம்ப ஒரு நாள் தாமதம். அந்த லாட்ஜ் வாடகையையும் அடக்க விலையில் சேர்த்துக்கொண்டேன்.