எத்தனை நாளாக இப்படி?

"மனசே சரியில்ல மிஸ்ஸி" என்று யாராவது சொன்னால், ஏன் என்று நான் கேட்பதில்லை. "எத்தனை நாளா?" என்றுதான் கேட்பேன். தாதி வேலையிலிருந்து ஓய்வுபெற்று சிங்கப்பூர் ஓவன் ரோட்டில் குடியிருக்கிறேன். பெக் கியோ சந்தையிலோ பெருமாள் கோயில் வாசலிலோ பிடித்துக்கொள்கிறார்கள். காரணம் கேட்டால் மாமியார், முதலாளி, மகனின் பிஎஸ்எல்இ தேர்வு என்று நீளும். அது இல்லாத வீடு ஏது? கவலையா நோயா என்று பிரித்துப் பார்க்க, நாள் கணக்குதான் முதலில் கைகொடுக்கும்.

மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டிலும் அந்தக் கணக்கு உண்டு. சோகமோ எதிலும் பிடிப்பின்மையோ குறைந்தது 2 வாரம், அநேகமாக நாள் முழுக்க இருக்க வேண்டும். தூக்கம், பசி, கவனம், குற்ற உணர்வு என்று நீளும் 9 அறிகுறிகளில் 5 சேர்ந்து, அன்றாட வாழ்க்கையும் கெட்டால்தான் அது மனச்சோர்வு நோய். திங்கட்கிழமை வேலையை நினைத்து ஞாயிறு மாலை மட்டும் சோர்ந்துபோவது இதில் சேராது.

வேலை போய், அதிலிருந்து மீளவே முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. நெருக்கடி வந்த 3 மாதத்துக்குள் தொடங்கி, அது தீர்ந்த 6 மாதத்துக்குள் அடங்கினால், அது சூழலுக்கு ஈடுகொடுக்க முடியாததால் வரும் கோளாறு. பேச்சுவழி ஆலோசனையே பலருக்குப் போதும்.

சாரத்திலிருந்து கூட்டாளி விழுந்ததைக் கண்ணால் பார்த்த ஊழியர் ஒருவர், கண்ணை மூடினாலே அந்தக் காட்சிதான் என்றார். முதல் மாதத்தில் இது கடும் அதிர்ச்சியின் விளைவு. பலருக்குத் தானாகத் தணியும். ஒரு மாதம் தாண்டியும் கனவில் துரத்தினால், அந்தப் பக்கம் போகவே கால் கூசினால், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோயா என்று பார்க்க வேண்டும். "தம்பி, விபத்து என்னைக்கு நடந்தது?" என்று நான் தேதி கேட்டது அதனால்தான்.

பதற்றத்திலும் இரண்டு வகை. ரயிலில் திடீரென நெஞ்சு படபடத்து, செத்தே போய்விடுவோம் என்று தோன்றி, சில நிமிடங்களில் உச்சம் தொட்டு இறங்குவது பீதித் தாக்குதல். முதல்முறை என்றால் இதயத்தையும் பரிசோதிக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் கவலை, அதுவும் பெரும்பாலான நாட்களில், 6 மாதமாக என்றால் அது பொதுவான பதற்றக் கோளாறு.

அதிகம் கோட்டைவிடுவது, சோர்வும் மிகையான எழுச்சியும் மாறி மாறி வரும் இருதுருவக் கோளாறில்தான். சோர்ந்த நாட்களை எல்லோரும் சொல்வார்கள். தூக்கமே தேவைப்படாமல், நள்ளிரவு முஸ்தபா கடையில் கடன் அட்டையைத் தேய்த்துத் தள்ளிய நாட்களை யாரும் சொல்வதில்லை. அந்த எழுச்சி 4 நாளா, ஒரு வாரமா என்பது முக்கியம். அதைச் சொல்லாமல் மனச்சோர்வு மாத்திரை மட்டும் எடுத்தால், சிலருக்கு எழுச்சி இன்னும் கிளம்பிவிடும்.

மனநலக் கழகம் 2016-இல் 6,126 பேரிடம் தொடங்கிய ஆய்வில், ஏழில் ஒருவருக்கு வாழ்நாளில் மனநிலை, பதற்றம் அல்லது மதுப் பழக்கம் தொடர்பான கோளாறு ஏதாவது ஒன்று வந்திருந்தது. ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் எண்ணச் சுழற்சி நோய்க்கு (ஓசிடி) உதவி தேடியவர்களில் பாதிப் பேர் 11 ஆண்டுகளோ அதற்கு மேலோ கழித்தே போயிருந்தார்கள்.

தொடங்கிய தேதி, தூக்கம், இடையில் வந்த எழுச்சி மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு பலதுறை மருந்தகம் போங்கள். தைராய்டு கோளாறும் இரத்தசோகையும் இதே வேடம் போடும் என்பதால், இரத்தப் பரிசோதனையும் கேட்பார்கள்.

உயிரை விடலாம் என்ற நினைப்புக்கு மட்டும் நாள் கணக்குப் பார்க்காதீர்கள். தற்கொலை முயற்சி சிங்கப்பூரில் 2020 ஜனவரி முதல் குற்றமில்லை. போலீஸ் வருமே என்று பயந்து மறைக்க வேண்டாம். சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767 எண்ணில் எந்நேரமும் ஆள் உண்டு. அன்றைக்கே கூப்பிடுங்கள்.