சிக்னலைத் தடுப்பது ஜன்னல் கண்ணாடியா? மல்டிமீட்டரில் பார்த்துவிடலாம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, செல்போனின் ஹாட்ஸ்பாட் மூலம் இன்டர்நெட் இணைத்திருக்கிறீர்கள். பால்கனியில் நின்றால் வேகம் அருமை. கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தால் இணையப் பக்கம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. உடனே சிம் கார்டையும் கம்ப்யூட்டரையும் திட்டுகிறோம். குற்றவாளி அந்தக் கண்ணாடியாகவும் இருக்கலாம்!

கண்ணாடிக்கும் சிக்னலுக்கும் என்ன சம்பந்தம்?

சாதாரணக் கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. ரேடியோ அலைகள் அதனுள் எளிதாகப் புகுந்து வந்துவிடும். ஆனால் வெப்பத்தைத் தடுக்கும் 'லோ-இ' வகைக் கண்ணாடிகளில் வெள்ளி அல்லது டின் ஆக்சைடை மிக மெல்லியதாகப் பூசியிருப்பார்கள். இது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மின்சாரத்தைக் கடத்தும். எனவே செல்போன், வை-பை அலைகளைத் திருப்பி அனுப்பிவிடும். இதனால் 30 டெசிபல் வரைகூட இழப்பு ஏற்படலாம். அதாவது, ஆயிரத்தில் ஒரு பங்கு சிக்னல்தான் உள்ளே வரும்.

எப்படிச் சோதிப்பது?

எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும்.

1. கண்ணாடியை ஈரமில்லாமல் துடையுங்கள்.

2. மீட்டரை 2000 ஓம்ஸ் அளவில் வையுங்கள். இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் பூஜ்யத்தை ஒட்டிய எண் வர வேண்டும்.

3. முனைகளின் அடியில் சிறிது அலுமினிய ஃபாயிலை மடித்து வைத்து, ஒரு அங்குல இடைவெளியில் கண்ணாடியில் அழுத்துங்கள். கூரான முனையால் தேய்த்தால் பூச்சில் கீறல் விழும்.

4. சில பத்து அல்லது சில நூறு ஓம்ஸ் காட்டினால் அந்தப் பக்கத்தில் பூச்சு இருக்கிறது. '1' என்றோ 'ஓஎல்' என்றோ காட்டினால் அந்தப் பக்கம் மின்சாரத்தைக் கடத்தவில்லை. மறுபக்கத்தையும் சோதியுங்கள்.

மீட்டர் ஏமாறும் இடங்கள்

இரட்டைக் கண்ணாடியில் பூச்சு பெரும்பாலும் உட்பக்கம் இருக்கும். முனை அதைத் தொட முடியாது. இருட்டில் ஒரு தீக்குச்சியைக் கொளுத்திக் கண்ணாடி அருகே பிடியுங்கள் (திரைச்சீலை ஜாக்கிரதை!). நான்கு பிம்பங்கள் தெரியும். ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் பூச்சு உண்டு. வெயிலுக்காக ஒட்டும் சில ஃபிலிம்களிலும் உலோகப் படலம் நடுவில் ஒளிந்திருக்கும். அதையும் மீட்டர் காட்டாது.

எனவே கடைசியாக ஒரு சோதனை. செல்போனின் செட்டிங்ஸில் சிம் ஸ்டேட்டஸ் பகுதியில் சிக்னல் அளவைப் பாருங்கள். ஜன்னலைத் திறந்தபோது -85, மூடியபோது -110 என்று வந்தால் சந்தேகமே வேண்டாம்.

என்ன செய்யலாம்?

பூச்சில்லாத ஜன்னல் அருகே போனை வையுங்கள். சிம் கார்டு போடும் ரூட்டராக இருந்தால், ஆன்டெனாவைக் கேபிள் மூலம் வெளியே பொருத்தலாம். அவசரப்பட்டு சிக்னல் பூஸ்டர் வாங்காதீர்கள். அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது இந்தியாவில் சட்டவிரோதம். அக்கம்பக்கத்தாரின் சிக்னலையும் அது கெடுக்கும்.