தளிர் காணும் கண்கள்

தூத்துக்குடிக்கு முதன்முறை வருவோர் பலரும் ஒன்றைக் கூறக் கேட்கலாம்: "உப்பும் மணலும் அன்றி இங்கே வேறு என்ன விளைகிறது?" 1974 இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்று, 2011 முதல் வ. உ. சிதம்பரனாரின் பெயரைத் தாங்கி நிற்கும் துறைமுகம், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், கண்கூச விரிந்து கிடக்கும் உப்பளங்கள் ஆகியவையே அவர்கள் கண்ணில் படுகின்றன. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் இம்மண்ணிலேயே பிறந்து வளர்ந்த நாமும் அவ்வாறே எண்ணத் தலைப்பட்டோமே, அதுதான் வருந்தத்தக்கது.

நம் முன்னோர் குனிந்து பார்க்கத் தெரிந்தவர்கள். அதற்கு நம் மொழியே சான்று. இளஞ்செடி அனைத்தையும் ஒரே சொல்லால் சுட்டிவிட்டு அவர்கள் அமையவில்லை. நெல்லின் இளமை நாற்று. மாவின் இளமை கன்று. தென்னையின் இளமை பிள்ளை. பனையின் இளமை வடலி. புதிதாய் வெளிப்படும் இலையையும் வேம்பில் கொழுந்து என்றும், பனையிலும் வாழையிலும் குருத்து என்றும் பிரித்து வழங்கினர். மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் இத்தகைய சொற்களைத் தொகுத்துக் காட்டித் தமிழரின் நுண்ணோக்கை எடுத்துரைத்தார். சொல் நம்மிடம் இருக்கிறது. அச்சொல் குறிக்கும் பொருளைக் காணும் கண் மங்கி வருகிறது.

இளமையைக் கண்டறிந்து காத்தல் நம் கடற்கரைக்குப் புதிதன்று. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிப் படுகைகளை முன்னதாகவே சோதித்துப் பார்ப்பர். சிப்பிகள் முதிர்ந்துள்ளன என்று கண்ட பின்னரே குளிப்புக்கு நாள் குறிப்பர். இளஞ்சிப்பிகள் எனில் காத்திருப்பர். 1961 ஆம் ஆண்டோடு அக்குளிப்பு நின்று போயிற்று. ஆயினும் இளையதை இனங்கண்டு விட்டுவைக்கும் அந்தப் பழக்கம் நம்மை விட்டு நீங்கலாகாது.

மாசி, பங்குனி மாதங்களில் நம் தெருவில் நிற்கும் வேம்பையும் புங்கையும் சற்றே கவனியுங்கள். இலையுதிர்த்து வெறுங்கிளையாய் நின்றவை, மழையில்லாத அந்நாள்களிலேயே செந்தளிர் விடுகின்றன. மாவின் தளிரும் அரசின் தளிரும் அவ்வாறே சிவந்திருக்கும். தளிர் ஏன் சிவந்திருக்கிறது? இலைக்குப் பசுமை தரும் பச்சையம் அதில் இன்னும் நிறையவில்லை. ஆந்தோசயனின் என்னும் செந்நிறப் பொருளே மிகுந்திருக்கிறது. கடும் வெயிலினின்றும் பூச்சிகளினின்றும் இளந்தளிரை அந்நிறம் காக்கிறது எனத் தாவரவியலார் பலர் கருதுகின்றனர். சில நாள்களில் அச்செம்மை மறைந்து, இலை பசுமை அடைந்துவிடும். அந்தச் சில நாள்களைத் தவறவிட்டவர், அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இனிப் பனைக்கு வருவோம். ஆவணி, புரட்டாசியில் பழம் உதிர்கிறது. கொட்டையினின்று வெண்ணிறக் குழாய் போன்ற முளை மேலே எழாமல் மண்ணுக்குள் இறங்குகிறது. கருவைத் தன்னுள் சுமந்து சென்று ஆழத்தில் சேர்க்கிறது. அங்கேதான் நாம் பொங்கலுக்கு அவித்து உண்ணும் கிழங்கு பருக்கிறது. அகழாமல் விட்ட கிழங்கிலிருந்து, மாதங்கள் கழித்து முதல் ஓலை தலைகாட்டுகிறது. அது விசிறியாய் விரிந்திருப்பதில்லை. வாள்போல் ஒடுங்கி, புல்லோ என்று ஐயுறும்படி நிற்கிறது. பின்னர் ஆண்டுகள் பல, அடிமரம் தோன்றாமலே அது வடலியாக வளர்கிறது. பயன்தரப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். ஆண்பனையா பெண்பனையா என்பதும் பூக்கும்வரை தெரியாது.

இங்கேதான் இடர் இருக்கிறது. ஓங்கி நிற்கும் பனையை எவரும் அறிவர். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும் எனத் தமிழக அரசு 2021 இல் அறிவித்தது. ஆனால் புல்லென நிற்கும் வடலியை மிதிப்பதற்கு யார் யாரிடம் இசைவு கேட்பர்? உடன்குடி, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலில் மனை பிரிக்க நிலத்தைச் சமன்செய்யும் இயந்திரம், வடலி எது, களை எது என்று பார்ப்பதில்லை. அதை ஏவுகின்ற மனிதனுக்கும் தெரியாவிடில், 20 ஆண்டுக்குப் பின் நிற்க வேண்டிய பனை இன்றே மாய்ந்து போகிறது. அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

பனைக்கு வளரும் நுனி ஒன்றே. வேம்பை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். பனையின் உச்சிக் குருத்து அழிந்தால் மரமே பட்டுப்போகும். ஆண்டுதோறும் குருத்தோலை ஞாயிறன்று கையில் ஓலை ஏந்தி நிற்கும் நாம், அக்குருத்தே மரத்தின் உயிர்நிலை என்பதையும் எண்ணிப் பார்த்தல் தகும். அத்திமரத்தின் கிளை இளகித் தளிர்விடக் கண்டு காலத்தை அறியுமாறு ஆண்டவர் தம் சீடர்க்குச் சொன்னதும், தளிரைப் பார்க்கச் சொன்ன பாடமே அன்றோ!

பனை தன் கருவை மண்ணில் ஒளித்து வளர்க்கிறதென்றால், தாமிரவருணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலில் நிற்கும் அலையாத்தி மரம் தாய்மடியிலேயே வளர்க்கிறது. அதன் விதை, மரத்தை விட்டு விழுமுன்னே கனிக்குள் முளைவிடத் தொடங்கிவிடும். உப்புநீரிலும் சேற்றிலும் விழுந்தவுடன் வேரூன்ற வேண்டுமாகையால் இந்த ஏற்பாடு. நீர் வற்றும் வேளையில் சேற்றில் ஈரிலையோடு நிற்கும் அக்கன்றுகளையும், அவற்றைச் சூழ்ந்து விரல்கள்போல் மேலெழும் மூச்சுவேர்களையும் கண்டவர், கழிமுகத்தை வெறும் சேறென்று சொல்லமாட்டார்.

இவ்வாறு பார்ப்பதைக் கடமையாகக் கொண்டோர் உலகெங்கும் உண்டு. இங்கிலாந்தில் இராபர்ட் மார்ஷம் என்பவர் 1736 இல் தம் தோட்டத்து மரங்கள் தளிர்க்கும் நாளைக் குறிக்கத் தொடங்கினார். அவருடைய வழித்தோன்றல்கள் 1958 வரை அப்பணியைத் தொடர்ந்தனர். ஒரு குடும்பத்தின் குறிப்பேடு இன்று பருவநிலை மாற்றத்தை ஆராய்வோர்க்கு ஆதாரமாகிவிட்டது. நம் தமிழகத்தில் இயேசு சபைக் குருவான கே. எம். மேத்யூ அடிகளார் (1930-2004), திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் தாவரக் காப்பகத்தை நிறுவி, தமிழகத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1981 முதல் 1988 வரை பல தொகுதிகளாக வெளியிட்டார். 2010 இல் தொடங்கிய 'சீசன்வாட்ச்' என்னும் இந்தியத் திட்டத்தில், பள்ளிச் சிறுவர்களும் தாம் தேர்ந்த மரத்தின் தளிர், மலர், கனி ஆகியவற்றைத் தொடர்ந்து குறித்து வருகின்றனர்.

உலர்த்தி ஒட்டிய செடியில் தளிரின் நிறம் மங்கிவிடும். புகைப்படத்தில் அது நிலைக்கும். கைப்பேசி இல்லாத வீடு இன்று அரிது. பெற்றோரே, அதனைப் பிள்ளைகளிடமிருந்து பறிப்பதோடு நில்லாமல், இப்படியொரு பணிக்காகக் கொடுத்தும் பாருங்கள். வீட்டருகே ஒரு மரத்தையோ வடலியையோ தேர்ந்துகொள்ளட்டும். ஞாயிறுதோறும் அதே இடத்தில் நின்று ஒரு படம் எடுக்கட்டும். காலையிளவெயில் தளிருக்குப் பின்னிருந்து வீசுமாறு நின்றால் நரம்புகள் தெளிவாய்த் தெரியும். சிறு முளையைப் படமெடுக்கத் தரையில் மண்டியிடவேண்டும். அளவு தெரிய அருகில் ஒரு தீப்பெட்டி வைக்கலாம். நாள், இடம், மரத்தின் பெயர் ஆகியவற்றை ஏட்டில் எழுதட்டும். பெயர் தெரியாவிடில் பாட்டியிடம் கேட்கட்டும். பெயரோடு அதன் பயனும் கிடைக்கும். படத்திற்காகக் கிளையை வளைப்பதும் தளிரைக் கிள்ளுவதும் வேண்டா. கழிமுகத்திற்குப் போவதாயின் இடமறிந்த படகுக்காரரோடு செல்க, மூச்சுவேர்களை மிதியாதிருக்க.

ஓராண்டு முடிந்ததும் அப்படங்களை வரிசையாக வைத்து வீட்டார் அனைவரும் பாருங்கள். ஒரு வடலியை ஓராண்டு பார்த்து வந்த பிள்ளை, நாளை நிலத்தை அளக்க வரும்போது அதை மிதிக்க மாட்டான். பிறர் மிதித்தாலும் "அது புல்லல்ல, பனை" என்று சொல்வான். அவ்வாறு சொல்ல ஊருக்கு ஒருவர் இருந்தாலும் பல பனைகள் பிழைக்கும். அந்த ஒருவர் நம் இல்லத்திலிருந்து வரட்டும்.