காற்றுப் புகாப் பையில் பயறு சேமித்தல்

காவிரிப் பாசனப் பிரதேசத்தில், சம்பா, தாளடி நெல் அறுவடைக்குச் சில தினங்கள் முன்னதாக ஈர வயலில் விதைக்கப்படும் உளுந்தும் பச்சைப் பயறும் பங்குனி, சித்திரை மாதங்களில் களத்திற்கு வந்து சேருகின்றன. எல்லோருடைய சரக்கும் ஒரே காலத்தில் சந்தைக்கு வருவதால் அப்பொழுது விலை தணிந்து நிற்பது சகஜம். சில மாதங்கள் பொறுத்து விற்றால் இலாபமுண்டு என்பதைக் குடியானவர்கள் அறியாதவரல்லர். பொறுக்க விடாதது பயறு வண்டு. அடுத்த தை மாதத்திற்கு வேண்டிய விதையையும் அதுவே அழித்துவிடுவதால், மலிவாக விற்ற பயற்றையே விதைக்காக அதிக விலை கொடுத்து வாங்கும்படி நேர்கிறது.

பெண் வண்டு பயற்றின் மேல்தோலில் முட்டைகளை ஒட்டி வைக்கிறது. காய் வயலில் நிற்கும்பொழுதே முட்டையிடுவதும் உண்டு. ஆகையால் களத்தில் சுத்தமாகத் தோன்றும் தானியத்திலும் வண்டின் வித்து இருக்கக்கூடும். புழு பருப்பைக் குடைந்து தின்று, வண்டாகி, வட்டமான துவாரம் செய்துகொண்டு வெளிவருகிறது. வெப்பமான காலத்தில் ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு மாதமே செல்லும். மூன்றாவது தலைமுறையில் மூட்டையின் கதி என்னவாகும் என்பதற்குக் கணக்குப் போட வேண்டியதில்லை. மூட்டையைத் திறந்து பார்த்தால் போதும்.

இதே வண்டு ஆப்பிரிக்காவில் தட்டைப் பயற்றை, அதாவது காராமணியை, நாசம் செய்து வருகிறது. அங்கு கேமரூன் தேசத்தில் இதற்குப் பரிகாரம் தேடும் ஆராய்ச்சி 1987-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அமெரிக்காவின் பர்டியூ சர்வகலாசாலையைச் சேர்ந்த பூச்சியியல் நிபுணர் லாரி மர்டாக் என்பவரும், அத்தேசத்து ஆராய்ச்சியாளரும் சேர்ந்து, மருந்து எதுவும் இடாமல் தானியத்தைக் காக்கும் மூன்றடுக்குப் பையொன்றை அமைத்தனர். 2007 முதல் அப்பை நைஜர், நைஜீரியா முதலிய நாடுகளின் கிராமங்களில் பரப்பப்பட்டது.

பையின் உள்ளே இரண்டு பாலிதீன் உறைகள் ஒன்றினுள் ஒன்றாக இருக்கும். வெளியே பாரம் தாங்குவதற்குப் பாலிபுரோபிலீன் இழையால் நெய்த சாக்கு இருக்கும். பாலிதீன் 1933-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. கலத்தில் சிறிது பிராணவாயு கலந்திருந்ததே அவ்வினைக்குத் தூண்டுகோலாயிற்று. இன்று அப்பொருளே பிராணவாயுவைத் தடுக்கும் வேலையைச் செய்வது ஒரு விநோதந்தான். உள்ளுறைகளுக்கு ஏற்ற அடர்த்தி மிகுந்த பாலிதீனைச் சாதாரண அழுத்தத்தில் செய்யும் முறையை 1953-இல் ஜெர்மனியில் கார்ல் சீக்லர் கண்டார். அதுவும் காற்றை முற்றிலும் தடுப்பதன்று. சிறிது சிறிதாகக் கசியவே செய்யும். ஆனால் 80 மைக்ரான் கனமுள்ள இரண்டு உறைகளைத் தாண்டி வரும் காற்றைவிட, உள்ளேயுள்ள பூச்சிகள் செலவிடும் பிராணவாயு அதிகம். காற்றில் நூற்றுக்கு 21 பங்காக இருக்கும் அவ்வாயு சில நாட்களில் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

வண்டு மூச்சுத் திணறி உடனே மடிகிறது என்றே முதலில் எவரும் எண்ணக்கூடும். ஆராய்ச்சியில் வெளிப்பட்ட உண்மை வேறு. உலர்ந்த பயற்றுக்குள் வாழும் புழுவுக்குக் குடிக்கத் தண்ணீர் ஏது? தான் தின்ற ஆகாரத்தைப் பிராணவாயுவின் உதவியால் உடலுக்குள் எரித்து, அதனால் உண்டாகும் நீரைக் கொண்டே அது உயிர் வாழ்கிறது. பிராணவாயு குறைந்தால் தீனி நிற்கிறது, நீரும் நிற்கிறது. புழு வளராமல், முட்டையிடும் பருவத்தை அடையாமல், தாகத்தினால் வறண்டு மடிகிறது. பையை அடிக்கடி திறப்பது அந்தத் தாகத்தைத் தணித்துவிடுவதற்கு ஒப்பாகும். வீட்டுச் செலவுக்கு வேண்டியதைத் தனியே வைத்துக்கொண்டு, மற்றப் பைகளைத் தொடாதிருப்பதே நலம்.

நமது முன்னோர் சாம்பல் கலந்த பயற்றைப் பானையில் வாய்வரை நிரப்பி மூடி வைத்ததிலும் ஏறக்குறைய இதே தத்துவம் அடங்கியிருக்கிறது. பத்துப் பதினைந்து படி விதைக்கு அம்முறை இன்றும் தகும். மூட்டைக் கணக்குக்குத் தகாது.

பையின் மேல் வீண்பழி வருவது பெரும்பாலும் ஈரத்தினால்தான். காற்றுப் புகாத பையினின்று ஈரமும் வெளியேறாது. அரைகுறையாகக் காய்ந்த தானியம் பூசணம் பிடித்துக் கெடும். விதைச் சான்று விதிகளில் பயறு விதைக்குச் சாதாரணக் கலத்தில் நூற்றுக்கு 9 பங்கும், ஆவி புகாக் கலத்தில் 8 பங்கும் ஈரத்தின் உச்ச அளவாகக் குறிக்கப்பட்டிருப்பது இதனால்தான். பல்லால் கடித்துப் பார்ப்பது நெடுநாளைய வழக்கமாயினும், அவ்வொரு பங்கு வித்தியாசத்தைப் பல் அறியாது. ஈரமானி உள்ள இடத்தில் ஒரு பிடி மாதிரியைக் கொடுத்துப் பார்ப்பது உசிதம். வெயிலில் காயவைத்த தானியத்தைச் சூடு ஆறியபின்பே பையிலிட வேண்டும்.

உள்ளுறைகளைக் காற்றால் உப்பச் செய்து அழுத்திப் பார்த்தால் ஊசித்துளையும் தெரிந்துவிடும். குச்சி, கல், முள் ஆகியவற்றைப் புடைத்து நீக்கி, பயற்றைக் குலுக்கி நிரப்பி, மேலுள்ள காற்றைப் பிழிந்து, உறை ஒவ்வொன்றையும் தனித்தனியே முறுக்கி, மடித்து, இறுகக் கட்ட வேண்டும். தரையிலும் சுவரிலும் படாமல் பலகை மேல் அடுக்குதல் அவசியம். எலிக்கு இப்பை ஒரு பொருட்டன்று.

கூட்டுறவுச் சங்கக் கிடங்குகளுக்கு இன்னொரு துறையின் உதவியும் கிடைத்திருக்கிறது. குவியலினுள் வைக்கப்படும் சிறு கருவிகள் உஷ்ணத்தையும் ஈரத்தையும் கரியமிலவாயுவையும் அளந்து, கம்பியில்லாமல் ரேடியோ அலைகளின் மூலம் அலுவலகத்திற்குச் செய்தி அனுப்புகின்றன. பூச்சியும் பூசணமும் மூச்சு விடுவதால் கரியமிலவாயு பெருகும். குவியல் சூடாவதைக் கை உணர்வதற்கு முன்பே இது தெரிந்துவிடும். தானியத்திலுள்ள நீர் ரேடியோ அலைகளை உறிஞ்சுமாகையால், செய்தி குவியலைக் கடந்து வரக் குறைந்த அதிர்வெண்ணே ஏற்றது. நமது நாட்டில் தனி உரிமமின்றிப் பயன்படுத்தக்கூடிய 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகள் இவ்வேலைக்கு உதவும். பத்து மூட்டை வைத்திருப்பவருக்கு இவ்வேற்பாடு வீண் செலவு. பலருடைய சரக்கை ஏற்றுப் பொறுப்பு வகிக்கும் சங்கத்தார் இதை யோசிக்கலாம்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மனிதர் வசிக்கும் வீட்டில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை மூட்டைக்குள் வைக்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால் உடனே நிறுத்தச் செய்ய வேண்டும். அதனின்று எழும் விஷவாயு தூங்குபவரின் உயிரையும் வாங்கும். பயிற்சி பெற்றவர் கிடங்கில் கையாளுவதற்கே அது உரியது.

விதைக்கென வைத்த பையைத் தை மாதத்தில் விதைப்புக்கு ஒரு வாரம் முன்பாகத் திறந்து, நூறு விதைகளை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து முளைகளை எண்ண வேண்டும். உளுந்துக்கும் பச்சைப் பயற்றுக்கும் 75 முளைக்குக் குறையலாகாது என்பது சான்று விதி. குறைந்தால் வேறு விதை தேட அந்த ஒரு வாரம் கையிலிருக்கும்.